பனிநீர் உதிர்ப்பவர்

புத்தாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், குளிர்நாட்டு நகரொன்றின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் என் அடுத்த வீட்டு மாடத்து நெடிய மனிதரை நான் பெரும்பாலும் புலர்காலை மூடுபனியிலேயே கண்டிருக்கிறேன். தொட்டிச் செடிகளின் கிளைகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பனிநீரை உதிர்ப்பார். பின்னர், முருகன் படமிட்ட நாட்காட்டி அட்டையால் மெல்ல விசிறுவார். துளசி வழிபாடு என்றெண்ணி ஒருநாள் நானும் கைகூப்பினேன்.

அவர் சிரித்துவிட்டார். "ஐயோ, கும்பிடாதேங்கோ ஐயா! இது கஞ்சா. என்ர மனுசிக்கு எலும்பெல்லாம் நோவு. மருந்துக்கெண்டு அரசாங்கம் அனுமதி தந்திருக்கு."

"இக்குளிரில் விளையுமோ?"

"ஓம், இது கலப்பினம். குளிர் தாங்கும், கெதியா, உறைபனிக்கு முன்னமே பூக்கும். ஈரம் நிண்டால்தான் பூ பூஞ்சணம் பிடிச்சு அழுகிடும். அழுகினால் இந்த மாரிக்குளிர் முழுக்க அவவுக்கு நித்திரை இல்லை."

அவ்விலையுதிர்காலம் முழுதும் அவர் விசிறினார். மழை ஓயவேண்டுமென நான் வேண்டிக்கொண்டேன். முதல் உறைபனிக்கு முன்னரே தொட்டிகள் வெறுமையாயின. செடிகள் அழுகினவோ, அவர் அறுவடை செய்தாரோ, அறியேன்.

பின்னர், பனிக்காலத்து முற்பகலொன்றில் அவரை மாடத்தில் கண்டு வினவ வாயெடுத்தேன். அவர் உதட்டில் விரல் வைத்து, மூடியிருந்த சாளரத்திரையைக் காட்டினார்.

"அவ நித்திரை," என்றார், காற்றினும் மெல்ல.

அவ்வெறுந்தொட்டிகளை நோக்கி என் கைகள் ஏன் மீண்டும் குவிந்தன என்பது இன்றளவும் எனக்கு விளங்கவில்லை.