ரூஃபினாவுக்கு ஒரு ஞானத்தகப்பன்

நிகாசியோ டிகோனா என் அக்கா புருஷன். பிடிவாதத்தில் கழுதை அவரிடம் தோற்றுவிடும். எங்கள் டிடிகாகா ஏரியில் சரக்கு ஏற்றித் திரிந்த ‘ரூஃபினா’ என்ற நீராவிக் கப்பலில், முப்பது வருடம் கொதிகலனுக்கு லாமா ஒட்டகச் சாணி வரட்டி போட்டவர். கப்பல் ஓய்ந்த பிறகும் பன்னிரண்டு வருடமாக அதற்குக் காவல்காரர். அக்காவோடு பேசியதைவிட ரூஃபினாவோடு பேசியதுதான் அதிகம். இதை அக்காவே சொல்லுவாள்.

அந்தக் காலத்தில் துண்டு துண்டாகக் கோவேறு கழுதைகள் மலையேற்றிக் கொண்டுவந்த கப்பல் அது. மறுபடியும் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லி தலைநகர் லிமாவிலிருந்து உத்தரவு வந்தது. கூடவே அதை நிறைவேற்ற கேப்டன் உர்தானிவியாவும் வந்தார். மலைக்காற்றில் அவருக்கு மூச்சு வாங்கியது. வெட்டுவதற்கு உள்ளூர் ஆட்கள் நான்கு பேர் தயாராக நின்றார்கள்.

அத்தான் அழுவார் என்று நினைத்தேன். அவரோ தலை சீவி, கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

“பூமித்தாய்க்குக் கொஞ்சம் ஊத்திட்டு ஆரம்பிங்க ஐயா. இங்க வழக்கம்,” என்று பீர் பாட்டிலை நீட்டினார்.

மரியாதைக்காகக் கேப்டன் கப்பலின் முகப்பில் ஊற்றினார், கொதிகலன்மேல் ஊற்றினார். அக்கா ரிப்பனை நீட்டவும் அதையும் வெட்டினார். வெட்டிய கையோடு அவர் தலையில் பூவிதழைக் கொட்டினாள் அக்கா.

“ரொம்ப நன்றி, கொம்பாத்ரே,” என்றார் அத்தான்.

ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தகப்பனைத்தான் பெற்றவர்கள் அப்படிக் கூப்பிடுவார்கள். கேப்டன் முகம் சிவந்துவிட்டது.

“யாருய்யா உனக்குக் கொம்பாத்ரே?”

“நீங்கதான். ஊத்தியாச்சு, ரிப்பன் வெட்டியாச்சு, பூவும் வாங்கியாச்சு. வீடோ வண்டியோ, இங்க இதச் செய்றவர்தான் ஞானத்தகப்பன். இனி ரூஃபினா உங்க ஞானமக.”

“வெளையாடுறியா? நீங்க வெட்டுங்கப்பா.”

நான்கு பேரும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டார்கள். “ஞானத்தகப்பனே பிள்ளைய வெட்டச் சொல்றதா? அந்தப் பாவம் எங்களுக்கு வேணாம் ஐயா,” என்றான் அவர்களில் மூத்தவன். “வேற ஆள் பாத்துக்கங்க. ஆனா சாயங்காலத்துக்குள்ள ஏரியச் சுத்தி எல்லாருக்கும் தெரிஞ்சிரும்.”

கேப்டன் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். மூச்சு வாங்குவதற்கு மருந்தாக அக்கா கொடுத்த கோக்கா இலைத் தேநீரைக் குடித்தார். கப்பலை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எனக்குப் பிள்ளைங்க கிடையாது,” என்றார் கடைசியில். “ஞானத்தகப்பன்னா என்ன செய்யணும்?”

அத்தான் அந்தக் கேள்விக்கென்றே காத்திருந்தவர்போல நிமிர்ந்தார்.

“மொதல்ல பாப்பாவுக்குப் புதுத்துணி எடுக்கணும், கொம்பாத்ரே,” என்றார். “செவப்புப் பெயிண்ட், நாப்பது டின்னு.”