முஷ்டி அளவுல ஒரு மேஸ்

எனக்கு மேஸ் பின்னத் தெரியும். இங்க சாக்ஸ்னு சொல்றாங்க. சிலோன்ல இருந்து கப்பல்ல வந்த நாங்க மேஸ்னுதான் சொல்லுவோம். அங்க கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ஒரு நர்ஸம்மா, பொழுது போகட்டும்னு நாலு ஊசியும் கம்பளி நூலும் கையில குடுத்தாங்க. கால் சேர்ந்துச்சு, பின்னல் என்னை விடல. சேரம்பாடி பக்கம் எஸ்டேட்டுல குடியேறினதும் எங்க லைன் வீடுகளுக்கே நான்தான் மேஸ்காரன். ஆம்பளை பின்றான்னு சிரிச்சாங்க. சிரிச்சவங்க காலுக்கும் நான்தான் பின்னினேன்.

காலை அளக்குற வழக்கமே எனக்குக் கிடையாது. கையை மூடச் சொல்லுவேன். மூடின முஷ்டியச் சுத்தி நூலை ஓட்டினா, குதிகால்ல இருந்து விரல் நுனி வரைக்கும் அதுதான் நீளம். நர்ஸம்மா சொன்ன கணக்கு. கடவுளே வந்தாலும் கையைத்தான் நீட்டணும்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

அப்பதான் லைன் கடைசி வீட்டுக்குப் புதுசா ஒரு குடும்பம் வந்துச்சு. புருஷன், பொண்டாட்டி, கைப்பிள்ளை. அவனுக்குத் தேயிலைச் செடியை வெட்டி விடுற கவ்வாத்து வேலை. பத்து நாள் வேலையப் பார்த்துட்டுத்தான் பேர் பதிவாங்க. பதியலைன்னா வீட்டைக் காலி பண்ணணும்.

நாலாம் நாள் வந்தான். "அண்ணே, கால் வெறைக்குது. ஒரு ஜோடி பின்னித் தருவீங்களா?"

"கையை மூடு."

"காலைக் காட்ட வேணாமா?"

"உன் காலை நான் எதுக்குடா பார்க்கணும்? பொண்ணா பார்க்கிறேன்?"

அவன் மூஞ்சி அப்படித் தெளிஞ்சுது. என் ஜோக்குக்குத்தான்னு நினைச்சுக்கிட்டேன்.

ஒன்பதாம் நாள். நல்ல மழை. காலையில ஆள் எடுக்கிற பெரட்டுக்களத்துல எல்லாரும் ஷூவைக் கழட்டி அட்டைப்பூச்சியை உதறிக்கிட்டு நின்னோம். அவன் மட்டும் அந்தப் பக்கமாத் திரும்பிக் குனிஞ்சிருந்தான். எட்டிப் பார்த்தேன். நான் பின்னிக் குடுத்ததுல வலது மேஸ் கச்சிதம். இடது மேஸ் முனையில மூணு விரல் அகலத்துக்குத் தொளதொளன்னு தொங்குது.

எனக்கு மானமே போச்சு. என் மானம்தான், வேற எதுவும் தோணல. மத்தவங்க பார்க்கிறதுக்குள்ள முந்திக்கணும்னு சத்தமாவே சொன்னேன். "என் அளவு சரிதான். இவன் கால்தான் குறைச்சல். விரலை எல்லாம் ராமேஸ்வரத்துல தீர்த்தமாட விட்டுட்டு வந்துட்டான் போல."

களமே சிரிச்சுது. வேலை வாங்குற மேஸ்திரியும் சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சுட்டு, "ஏனப்பா, அதைக் கழட்டு பார்க்கலாம்"னாரு.

கழட்டினான். பெருவிரலோட சேர்த்து மூணு விரல் இல்ல. சிலோன்ல இருந்தப்போ கவ்வாத்துக் கத்தி பட்டுப் போனதாம். ஷூ முனையில துணிய அடைச்சுக்கிட்டு எட்டு நாளும் சரிவுல நின்னு வேலை பார்த்திருக்கான். ஒருத்தருக்கும் தெரியல.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு சரிவுல எப்படீப்பா நிப்பே? உழுந்தீன்னா எனக்குத்தானே கேள்வி வரும்"னு மேஸ்திரி அவனை அனுப்பிட்டாரு. எட்டு நாள் நின்னானேன்னு நான் சொல்லியிருக்கலாம். வாய் அன்னிக்குச் சம்பாதிச்சது போதும்னு மூடிக்கிச்சு.

அவங்க கிளம்புறதுக்குள்ள இடது காலுக்கு வேற ஒண்ணு பின்னினேன். இந்தத் தடவை காலையே அளந்தேன். அவன் நீட்டினான். அவன் பொண்டாட்டி பாத்திரத்தைச் சாக்குல கட்டிக்கிட்டே பார்த்துக்கிட்டிருந்துச்சு. போட்டுப் பார்த்தான். தச்சு வச்ச மாதிரி உக்காந்துச்சு.

"சரியா இருக்கு அண்ணே"ன்னான். பழைய நீள மேஸை மடிச்சு என் கையில குடுத்தான். "இது வேற யாருக்காச்சும் ஆகும்."

கூடலூர் பஸ்ஸுல ஏறிப் போயிட்டாங்க.

மேஸுக்கு இடது வலது கிடையாது. அந்த ஒத்தை மேஸ் எனக்கே அளவா இருக்கும். இன்னும் வச்சிருக்கேன். ஒரு நாளும் கால்ல ஏத்துனதில்ல.