சபின் பேசிய பக்கம்

சபின் சீட்டைப் பிரித்தாள். உள்ளே 'சொல்ல வேண்டும்' என்று எழுதியிருந்தது.

நர்சிங் கல்லூரியில் அவளுக்கு இரண்டாம் ஆண்டு. பிழைக்க மாட்டார் என்று தெரிந்த நோயாளியிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா, கூடாதா என்று ராமலிங்கம் சார் வகுப்பில் விவாதம் வைத்திருந்தார். எந்த அணி எந்தப் பக்கம் பேசுவது என்பதற்குத்தான் அந்தச் சீட்டு. அணிக்கு மூன்று பேர். சபினோடு அபியும் அன்பழகனும்.

"நல்ல பக்கம்டி," என்றாள் அபி. "உரிமை, சட்டம்னு பத்து பாயிண்ட் அடுக்கிடலாம்."

சபினின் அப்பா இரண்டு வருடங்களுக்கு முன் இறந்துபோனது அவர்களுக்குத் தெரியும். எப்படி என்று தெரியாது.

அப்பா தொமினிக், பிரெஞ்சு ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்தவர். நெல்லித்தோப்பு வீட்டில் தன் சட்டையைத் தானேதான் இஸ்திரி போடுவார். கணையத்தில் புற்றுநோய் என்பதை டாக்டர் சபினின் அம்மா ஜெனவியேவிடம் தனியாகச் சொன்னார். ஜெனவியேவ் வீட்டுக்கு வந்ததும் மகளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"அல்சர்னு சொல்லியிருக்கேன். தெரிஞ்சா மனசு உட்டுருவாரு. நீயும் அதையே சொல்லு."

நான்கு மாதம் சபின் அதையே சொன்னாள். ஒரு பிற்பகல் அவள் மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"சபின், நீ எங்கிட்ட பொய் சொல்ல மாட்ட. எனக்கு என்னா?"

"அல்சர்தான் பப்பா. ரெண்டு வாரத்துல சரியாயிடும்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

விவாதத்துக்கு ஆறு நாள் இருந்தது. கல்லூரி விட்டதும் மூவரும் தாவரவியல் பூங்காவில் உட்கார்ந்து தயாரித்தார்கள். எதிரணி என்னென்ன கேட்கும் என்று அன்பழகன் பதிலோடு எழுதி வந்தான். சபின் எழுதுவதை யாரோ தோளுக்குமேல் எட்டிப் படிப்பதுபோல் இருந்தது. திரும்பினால் ஈர இலைகள்தான். பஸ்ஸிலும் பப்பாவின் அந்த 'எனக்கு என்னா?' வந்தது, தலை துவட்டும்போதும் வந்தது. அதட்டலாக இல்லை. தண்ணீர் கேட்பதுபோல் மெதுவாக.

மூன்றாம் நாள் ஒத்திகையில் அவள் வாசித்தாள்: "மிச்சமிருக்கும் நாட்களை என்ன செய்வது என்று முடிவெடுக்க பப்பாவுக்கு உரிமை உண்டு."

அபி நிமிர்ந்தாள். "என்னா படிச்ச?"

"நோயாளிக்கு."

"இல்ல, பப்பாவுக்குன்ன."

சபின் நோட்டைப் பார்த்தாள். அவள் கையெழுத்தில் அப்படித்தான் இருந்தது. எப்போது எழுதினாள் என்று நினைவில்லை.

"உடம்பு முடியலன்னா நான் பேசறேன்டி."

"வேணாம். நானே பேசறேன்."

விவாத நாளில் நன்றாகத்தான் பேசினாள். கடைசியில் எதிரணியின் செம்மல் எழுந்தான்.

"மேடையில பேசறது சுலபம். உங்க வீட்டுல நடந்தா சொல்லுவீங்களா?"

இதற்கும் அன்பழகன் ஒரு பதில் எழுதிவைத்திருந்தான். அவன் காகிதத்தை நகர்த்தியும் சபின் பார்க்கவில்லை.

"நடந்துச்சு. எங்க பப்பா கேட்டாரு. நான் சொல்லல. அப்புறம் ஒம்போது நாள் இருந்தாரு. ஒருத்தரும் அவருகிட்ட நெசமா ஒரு வார்த்தை பேசல."

செம்மல் உட்கார்ந்துவிட்டான். சார் சபின் அணிக்கு வெற்றி என்றார். கைதட்டினார்கள். பப்பாவைக் காட்டி ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு உடம்பு கூசியது.

வீட்டில் ஜெனவியேவ் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மம்மா, பப்பா உன்ன கேட்டப்ப நீ என்னா சொன்ன?"

"எங்கிட்ட எங்க கேட்டாரு? ஒரு நாளும் கேக்கலியே." துணி மடித்த கை நின்றது. "உங்கிட்ட கேட்டாரா?"

எல்லோரிடமும் கேட்டிருப்பார், எல்லோரும் பொய்தான் சொல்லியிருப்பார்கள் என்று சபின் இரண்டு வருடமாக நம்பியிருந்தாள். அந்தப் பொய்யில் தன் பங்கு சிறியது என்று தேற்றிக்கொண்டிருந்தாள். அவர் அவள் ஒருத்தியிடம்தான் கேட்டிருக்கிறார்.

"நீ என்னா சொன்ன?" என்றாள் அம்மா.

"நீ சொல்லச் சொன்னதத்தான்."

ஜெனவியேவ் மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் சபினுக்கு வார்டில் பயிற்சி. தேங்காய்த்திட்டிலிருந்து வந்திருந்த தெய்வசிகாமணி என்ற முதியவர் அவள் கையைப் பிடித்தார். "எனக்கு என்னாம்மா வந்திருக்குது?" கட்டிலுக்குப் பின்னால் நின்ற மகன், சொல்லாதே என்று தலையை அசைத்தான்.

"நான் சொல்ற எடத்துல இல்லைங்கய்யா. டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன், அவருகிட்டயே கேளுங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

டாக்டர் சொல்லி முடிக்கும்வரை கட்டிலருகிலேயே நின்றாள். முதியவர் கண்ணை மூடியபடி கேட்டார். மகன் அதன்பிறகு அவளிடம் பேசவேயில்லை. மறுநாள் காலை, தெய்வசிகாமணி வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டுக் கிளம்பிப் போனார்.