பெரியம்மாவிடம் சொல்லாமல் விட்டது

டாக்டர் என் விரல்களைப் பிடித்துப் பெரியம்மாவின் மணிக்கட்டில் வைத்த அந்தக் காலைப்பொழுது மறக்க மாட்டேன் என்கிறது. பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்கில் எங்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை. நாடி இரண்டு முறை அவசரமாக அடித்தது, நின்றது, பிறகு எதையோ நினைத்துக்கொண்டதுபோல் மூன்று முறை அடித்தது. மலை ஏறும்போதெல்லாம் "நெஞ்சுக்குள்ள கோழி படபடக்குதுடி" என்று அவள் சொன்னதை, வெறும் வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்து வருடக்கணக்காக அடக்கி வைத்திருந்தோம்.

அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன நாளிலிருந்து, நமுனுகுல மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பு ஒன்றில், கொழுந்து பறித்து என்னை வளர்த்தவள் அம்மாவின் அக்காவான இந்தப் பெரியம்மாதான். அவளுக்குச் சிங்களம் அரைகுறை. நான் பதுளையில் துணிக்கடையில் வேலை பார்ப்பதால் நன்றாகவே பேசுவேன். டாக்டர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். துடிப்பை எதெல்லாம் கிளப்பிவிடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். தூக்கம் கெடுவது, காய்ச்சல், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்பது, சாராயம், கட்டுக்கு அடங்காத பிரஷர், கேட்காமல் வாங்கிப் போடும் தடிமன் சளி மாத்திரை, சிலருக்குக் கடும் சாயத் தேநீரும்கூட. ஒன்று விடாமல் சொன்னேன். முக்கியமானதை அவர் கடைசியில்தான் சொன்னார். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தில் இரத்தம் தேங்கி உறைந்துவிடும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் ஒரு பக்கம் விழுந்துபோகும் பாரிசவாதம், அதைத் தடுக்கத்தான் இந்த மாத்திரை, தானாக நிறுத்தவே கூடாது, மாதாமாதம் வந்து இரத்தம் சோதிக்க வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுக் காம்பிராவில் பாரிசவாதத்தில் கிடந்து செத்த ஒருத்தியைக் குளிப்பாட்டி அனுப்பியவள் பெரியம்மா. அந்தச் சொல்லைக் கேட்டால் பயந்துபோவாள் என்று நினைத்தேன். "இது ரத்தம் லேசாகுற மாத்திரை. தினம் ஒண்ணு போடணுமாம், மாசாமாசம் வரணுமாம்" என்பதோடு முடித்துக்கொண்டேன். பெரிய புத்திசாலி நான்.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் சாயத்துக்குக் காவல் இருந்ததுதான். கடையிலிருந்து போன் எடுத்தால் முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தன கோப்பை குடிச்சீங்க?" அவள் பொய் சொல்வாள், நான் திட்டுவேன். மாத்திரையைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. அது ஒழுங்காகப் போகிறது என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

மழைக்காலம் வந்தது. கொழுந்து மலையில் அட்டை கடிப்பது யாருக்கும் பெரிய விஷயமில்லை. காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போவார்கள், கடித்தால் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த செடிக்கு நகர்வார்கள். ஆனால் அந்த மாத்திரை போடுகிறவளுக்கு அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் ஒழுகும். காலைச் சுற்றிய துணியெல்லாம் நனைந்து பெரியம்மா வீடு திரும்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு நானும் வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணியிடம் போனேன். "அட்டை கடிச்சா ரத்தம் நிக்க மாட்டேங்குதுங்கய்யா. மழ முடியிற வரைக்கும் பிள்ளைக் காம்பிராவுல புள்ளைங்கள பாக்குற வேலை குடுங்கய்யா" என்று கேட்டாள். "அட்டைக்குப் பயந்தா தோட்டத்துல எப்படி பொழைக்கிறது?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாத்திரை விஷயத்தை எடுத்துச் சொல்லாமல் நான் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பினேன்.

பெரியம்மா தனக்குத் தெரிந்த வழியைப் பார்த்துக்கொண்டாள். இரத்தத்தை லேசாக்குகிற மாத்திரையை மழை நாட்களில் போடாமல் விட்டாள். மண் சரிந்து, பசறை வழியாகப் பதுளைக்குப் போகும் பஸ் ஓடாததால் அந்த மாதம் கிளினிக்கும் தவறியது. கால் ஒழுகுவது நின்றது. அடுத்த வாரம் அவள் கொழுந்துக் கூடையோடு செடிக்கு நடுவில் சரிந்து விழுந்தாள். நான் ஓடிவந்தபோது வலது கை அசையவில்லை, வாய் கோணியிருந்தது. பாதிக்கு மேல் பிரிக்காத மாத்திரை உறைகளைப் பக்கத்துக் காம்பிரா அக்கா எடுத்துக் காட்டினார். "மழ நாள்ல மட்டும் வேணாம்னு சொன்னாங்கம்மா. வேற எதுக்கும் இல்ல, அட்டைக்காகத்தான்" என்றார்.

உயிர் பிழைத்தாள். பேச்சு போய்விட்டது. ஆயுள் முழுக்கக் கங்காணிமாரிடம் அதிகம் சொன்னதாலோ என்னவோ, ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. பசித்தாலும் வலித்தாலும் "ஆமாங்க" என்பாள்.

போன மாதம் கங்காணி பார்க்க வந்தார், கையில் ஒரு பிஸ்கட் பெட்டியோடு. "உடம்புல இவ்வளவு வருத்தம்னா முந்தியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். "ஆமாங்க" என்றாள். அவர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த பிஸ்கட் பெட்டியை அவர் பின்னாலேயே எறியத் தோன்றியது. ஆனால் அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதில் எதை மறைத்தேன் என்று முதல் தடவையாகச் சொன்னேன். "தெரிஞ்சிருந்தா நிப்பாட்டியிருக்க மாட்டீங்கதானே பெரியம்மா?" என்று கேட்டேன்.

பிறந்ததிலிருந்து என்னை வாடி, போடி என்றே கூப்பிட்டவள் என் முகத்தைப் பார்த்து, "ஆமாங்க" என்றாள்.