ஜெனரேற்றருக்கு வைத்த பெற்றோல்

அந்தப் பெற்றோலை எடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் கடைசியில் எனக்கு நானே வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ரூஜ் ஆற்றுப் பக்கம் ஓர் ஓடைக்கரையில் எங்கள் கிளப்பின் மீன்குஞ்சு வளர்க்கும் கொட்டில் இருக்கிறது. கிளப் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தூண்டில் போடுகிறவர்களும் என்னைப்போல் சின்ன போட் வைத்திருப்பவர்களுமாக ஒரு முப்பது பேர். அதற்குக் கிட்ட, மில்லிக்கன் பகுதிக்கு வீடு மாறிய வருடம் நானும் சேர்ந்தேன். அதற்கு முதல் இந்த நாட்டு மீன்பிடி லைசென்ஸ் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடல் சூழ்ந்த தீவில் பிறந்தவனிடம் தூண்டில் போடக் காசு கேட்கிறார்களே என்று மனைவியிடம் கத்தியிருக்கிறேன். ஏரியில் நான் ஆசையாகப் பிடிக்கும் சால்மனில் பாதி, யாரோ காசு கட்டி, யாரோ குஞ்சு வளர்த்து, வாளியில் கொண்டுபோய் ஓடையில் விட்டது என்பது கிளப்பில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. லைசென்ஸ் காசு மீனுக்கே திரும்பிப் போகிறது. அதற்கு மேலால் கிளப்காரர் சந்தா கட்டுகிறார்கள், கோடையில் போட்காரருக்குப் போட்டி வைக்கிறார்கள், வருடத்துக்கு ஒரு விருந்து வைத்து ரிக்கற் விற்கிறார்கள். கொட்டிலில் உள்ள தொட்டிகளும் தண்ணீர் பம்மும், கரண்ட் நின்றால் அதை ஓட்டும் ஜெனரேற்றரும் அப்படி வந்தவைதான்.

எல்லாவற்றையும் தொடங்கியவர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். எண்பது தாண்டியவர். மனைவி காலமான பிறகு கொட்டிலுக்கு அடுத்த தெருவில் தனியே இருந்தார். மகள் வேறு ஊரில். கிளப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. சனிக்கிழமை காலையில் குஞ்சுகளுக்குத் தீன் போடுவது என் வேலை. ஜெனரேற்றருக்கென்று ஒரு சிவப்புக் கானில் பெற்றோல் நிரப்பி வைப்பது கிழவருடைய வேலை.

ஒக்ரோபர் கடைசியில், அந்த வருடத்துக்குக் கடைசித் தடவையாக ஏரிக்குப் போக போட்டைக் காருக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தேன். போட்டின் பெற்றோல் ராங்கில் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. பெற்றோல் ஸ்ரேசன் பத்து நிமிடத் தூரம். கொட்டில் வழியில் இருந்தது, சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கானைத் தூக்கி என் ராங்கில் கவிழ்த்தேன். நாளைக்கே நிரப்பி வைப்போம் என்று நினைத்ததும் உண்மை. அன்றைக்கு மீன் ஒன்றும் கடிக்கவில்லை, குளிர் எலும்புக்குள் இறங்கிவிட்டது, அரை மணித்தியாலத்தில் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து போட்டை மூடிக் கட்டினேன். கானை அப்படியே மறந்துபோனேன்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை விடியமுதல் தொடங்கிய, விழுந்த இடத்திலேயே ஐஸாகும் உறைமழை மரங்களையெல்லாம் முறித்துப் போட்டது. நான் தீன் போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றது. பம்மின் சத்தமும் நின்றது. நான்கு தொட்டி நிறைய விரல் நக நீளத்துக் குஞ்சுகள். தண்ணீர் ஓடாவிட்டால் அவற்றுக்கு மூச்சு இல்லை. ஓடிப்போய் ஜெனரேற்றரை இழுத்தேன். உள்ளே மிச்சமிருந்த பெற்றோலில் கொஞ்ச நேரம் ஓடி, இருமி, நின்றுவிட்டது. கானைத் தூக்கினேன். வெறும் கான் கையோடு வந்தது. அப்போதுதான் எனக்கு ஒக்ரோபர் ஞாபகம் வந்தது.

மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"கராஜுக்குள்ளை போட்டின்ரை பெற்றோல் ராங் கிடக்கு. உடனை கொண்டு வாரும்."

"என்னப்பா கதைக்கிறியள்? ரோட்டைப் பாத்தனியளே? கண்ணாடி மாதிரிக் கிடக்கு. எனக்கு ஸ்னோவுக்கை ஓடவே பயம்."

"குஞ்செல்லாம் சாகப்போகுது. பக்கத்துப் பெற்றோல் ஸ்ரேசனிலும் கரண்ட் இல்லை. மெல்ல மெல்ல வாரும், ஆனா வாரும்."

கிழவர் ஊன்றுதடியோடு வழுக்கி வழுக்கி வந்து சேர்ந்தார். கரண்ட் நின்றதுமே வீட்டிலிருந்து புறப்பட்டிருக்கிறார். அதற்குள் நான் பெரிய சொஸ்பான் சட்டி ஒன்றை எடுத்துத் தொட்டித் தண்ணீரை அள்ளி, தலைக்கு மேலே தூக்கித் திரும்பவும் தொட்டிக்குள்ளேயே ஊற்றத் தொடங்கியிருந்தேன். வீட்டில் தேநீர் ஆற்றுவது அப்படித்தான். உயரத்திலிருந்து விழுந்தால் தண்ணீருக்குள் காற்று போகும். என் மூளைக்கு அந்த நேரம் எட்டியது அவ்வளவுதான். "தேநீர் மாதிரி" என்று அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். தேயிலைப் பையைப் போட்டுத் தேநீர் குடிக்கிற மனிசனுக்கு என்ன விளங்கியிருக்கும்? ஆனாலும் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு ஜக்கை எடுத்து என்னைப் பார்த்துப் பார்த்து ஊற்றினார்.

இரண்டு பேர், நான்கு தொட்டி. ஒன்றில் ஊற்றும்போது மற்றதில் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. என் தோள் விட்டுப்போனது. மாதாவே, மாதாவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கிழவர் அள்ளிய தண்ணீரில் பாதி அவருடைய கோட்டில் போனது. நிறுத்துங்கள் என்றேன். கேட்கவில்லை.

"கான் எங்கே?" என்று அவர் கேட்டபோது நான் முகத்தைத் திருப்பாமல் சொன்னேன்: "வெறுமையாகக் கிடக்கிறது."

அது பொய் இல்லை. அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் பொய்.

அவர் ஜக்கைப் பிடித்தபடி நின்றார். "நான் நிரப்பினேன் என்றல்லவா நினைத்தேன்," என்றார். பிறகு மெதுவாக, "நிரப்பவில்லைப் போல," என்றார். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும். குஞ்சுகள் சாகின்றன, இப்போது பேச நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தண்ணீரை ஊற்றினேன்.

மனைவி வந்து சேர ஒன்றரை மணித்தியாலம் ஆனது. கார்க் கதவைத் திறந்து இறங்கியவள் அழுதுகொண்டிருந்தாள். ராங்கைப் பறித்து ஜெனரேற்றரில் ஊற்றினேன். பம் ஓடியது. இரண்டு தொட்டி தப்பியது. மூன்றாவதில் பாதி போய்விட்டது. நான்காவது முழுவதும் வெள்ளை வயிறு காட்டி மிதந்தது. கிழவர் என் கையைப் பிடித்து, சொந்தப் போட்டின் பெற்றோலையே கொடுத்தாயே என்று நன்றி சொன்னார். அது கிளப்பின் பெற்றோல். கவிழ்த்த அன்று எரிந்தது போக மிச்சம். எனக்கு அங்கேயே செத்துவிடலாம்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாம் சொன்னேன். அவள் தலையில் கை வைத்தாள்.

"நாளைக்கே போய்ச் சொல்லுங்கோ. அந்த மனிசன் தன்னையே நொந்துகொண்டு திரியப்போகுது."

"ஓம், சொல்லுறன்," என்றேன்.

சொல்லவில்லை. அடுத்த கிளப் கூட்டத்தில் கிழவர் எழுந்து, பெற்றோல் நிரப்புவது தன் பொறுப்பு, அதை மறந்தது தான்தான், இனிமேல் தன்னை நம்ப வேண்டாம் என்று சொல்லிச் சாவியை மேசையில் வைத்தார். இத்தனை வருட உழைப்புக்காக எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நானும் எழுந்து தட்டினேன். இன்றைக்கும் நினைத்தால் உள்ளங்கை கூசுகிறது.

மே மாதம் தப்பிய குஞ்சுகளை வாளிகளில் காவிக்கொண்டுபோய் ஓடையில் விட்டோம். கிழவர் வரவில்லை. அவருடைய வீடு விலைப்பட்டுவிட்டது, மகள் வந்து முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போகிறாள் என்று ஒருவர் சொன்னார். தனியே இருக்க வேண்டாம் என்று மகள் ஒரு வருடமாகக் கேட்டிருக்கிறாள். முன்பொருமுறை கேத்திலை அடுப்பில் மறந்ததைச் சொல்லிக் காட்டியும் அவர் மாட்டேன் என்று நின்றிருக்கிறார். இந்தப் பெற்றோல் விஷயத்துக்குப் பிறகுதான் தானாகவே ஓம் என்றாராம்.

வாளியைக் கரையில் வைத்துவிட்டு ஈரச் சப்பாத்தோடு அவர் வீட்டுக்கு நடந்தேன். முன்புறத்தில் விற்றாகிவிட்டது என்ற பலகை நின்றது. உள்ளே பெட்டிகள் கட்டிக் கிடந்தன. சுவரிலிருந்த தூண்டில் தடிகளையெல்லாம் கழற்றிக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். ஒக்ரோபரில் கானைக் கவிழ்த்ததிலிருந்து கூட்டத்தில் கை தட்டியதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எவ்வளவு நல்லது.

அவர் கட்டி வைத்த தடிகளில் ஒன்றை நேராக்கினார். பிறகு கேட்டார்:

"அப்படியென்றால் நான் நிரப்பித்தான் வைத்திருந்தேனா?"

"நிரப்பித்தான் வைத்திருந்தீர்கள். கழுத்துவரை."

"நான் மறக்கவில்லை."

"நீங்கள் மறக்கவில்லை."

அவர் மேசையில் கிடந்த போனை எடுத்து நம்பரை அழுத்தினார். ஒருதரம்கூடத் தடுமாறவில்லை. பிறகு போனை என் கையில் வைத்தார்.

"என் மகள்," என்றார். "அவளிடம் சொல்."

மறுமுனையில் மணி அடித்தது. ஒரு பெண் குரல், "அப்பா, மருந்து எடுத்தீர்களா?" என்று கேட்டது. கிழவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என் பெயரைச் சொல்லித் தொடங்கினேன்.