மற்றும் பலர்

திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்து முடித்ததும் ஏதாவது ஒரு சேனலில் சேர்ந்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கூப்பிட்ட நாளைக்கு மட்டும் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடும்போது நிரந்தர ஊழியர்கள் எல்லோரும் வருவார்கள். என்னைப் போன்றவர்களுக்குக் கடைசி வரி: 'மற்றும் பலர்'.

செஞ்சியில் நைனா ஒவ்வொரு முறையும் டிவி முன்னால் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கித் தேடுவார். "எங்கம்மா உன் பேரு? ஊர்ல கேக்கறானுங்க, நான் இன்னா சொல்றது?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒருநாள் வராமலா போயிடும்?" என்று கத்துவேன்.

அந்த நாள் எங்கள் ஊருக்கே வந்தது. கோட்டையைப் பற்றி ஒரு தொடர். ஒலிப்பதிவு முழுக்க என் பொறுப்பு. "சவுண்ட் சுத்தமா வந்தா உன் பேரைத் தனியா போடறேன்" என்றார் இயக்குநர். மார்கழிக் காலை, ராஜகிரி உச்சி. மகள் அப்படி என்னதான் வேலை செய்கிறாள் என்று பார்க்க, நைனாவும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்திருந்தார்.

காற்றிரைச்சலைத் தடுக்க மைக்குக்குப் புசுபுசுவென்று ஒரு உறை போடுவோம். தன் குட்டி என்று நினைத்ததோ என்னவோ, ஒரு குரங்கு அதைப் பிடுங்கி மாரோடு அணைத்துக்கொண்டு மதில்மேல் ஏறிவிட்டது. பழம் காட்டினோம். பழத்தையும் வாங்கிக்கொண்டது, உறையைத் தரவில்லை. ஹெட்போனில் காற்று பேயாய் அலறியது. என் பெயரும் அந்த மதிலில் ஏறிப் போவதாகத் தோன்றியது.

திரும்பினேன். நைனாவின் கழுத்தில் கம்பளி மப்ளர்.

"நைனா, அத்த குடு."

"குளுருதும்மா!"

"குடு நைனா!"

மைக்கில் தளர்வாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். இரைச்சல் அடங்கி, கோட்டைக் கதையைப் பேசுகிறவரின் குரல் மணிமணியாய் விழுந்தது. இயக்குநர் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். "அடுத்த தொடருக்கும் டேட்ஸ் குடுத்துடும்மா" என்றார். துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. மலை உச்சி என்பதால் அடக்கிக்கொண்டேன்.

ஒளிபரப்பான அன்று தெருவே எங்கள் வீட்டில்தான் இருந்தது. 'ஒலிப்பதிவு' என்று போட்டு, திரை முழுக்க என் பெயர் மட்டும். நைனா எழுந்தே நின்றுவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மற்ற பெயர்களும் ஓடி முடிந்து, கடைசி வரி வந்தது. நைனா அதைக் கைநீட்டிக் காட்டினார்.

"தோ பாருங்க, 'மற்றும் பலர்'. அது என் மப்ளரு."