சுண்ணாம்பு அடித்த கிணறு

கோபம் வந்தால் எனக்குக் காது சூடாகும். அந்தக் கிணற்றை நினைத்தால் இன்றைக்கும் சூடாகிறது.

நிலத்தடி நீரைச் சோதிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் மாதிரி எடுக்கிறவன் நான். குழித்துறையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் போகிற வழியில் ஒரு பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டி ஓட்டையாகி, சரிவில் இருந்த வீட்டுக் கிணறுகளெல்லாம் நாறத் தொடங்கின. ஊர்க்காரர்கள் மனு மேல் மனு கொடுத்த பிறகு ஒரு வழியாக உத்தரவு வந்தது. எண்ணெய் எதுவரை பரவியிருக்கிறது என்று கண்டுபிடித்து, பங்க்காரர் செலவிலேயே சுத்தம் செய்யவேண்டும். மேற்பார்வைக்கு ஒரு அரசு அதிகாரி. கிணறுகளைச் சோதிக்கும் வேலை எங்களிடம் வந்தது.

சரிவின் கடைசி வீட்டில் ஒரு அக்கா இருந்தார். கணவர் கல்ஃபில். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாரைக் குளிப்பாட்டித் துணி மாற்றுவது அவர் ஒருத்திதான். முதல் தடவை போனபோது வாளியை மேலே தூக்கியதுமே மூக்கைத் துளைத்தது. தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் பளபளத்தது. இதைத் தொடவே வேண்டாம் என்று சொன்னேன். சோதனை முடிவு வரும்வரை எல்லா வீட்டுக்கும் பங்க்காரர் லாரியில் தண்ணீர் அனுப்பினார். முடிவு வந்ததும் வரைபடத்தில் ஒரு கோடு போடுவார்கள். கோட்டுக்கு உள்ளே இருக்கிற வீட்டுக்கு லாரித் தண்ணீரும் வரும், கிணறும் சுத்தமாகும். வெளியே இருக்கிற வீட்டுக்கு ஒன்றும் கிடையாது.

மாதிரி எடுக்கும் நாளை வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்பது விதி. அக்காவுக்குப் போன் போட்டு, எல்லா வீட்டுக்கும் சொல்வதையே சொன்னேன்.

"வியாழக்கிழமை சார்மாரு வாறாவ அக்கா. எல்லாம் ரெடியா இருக்கட்டும்."

என் நாக்கில் சனி. எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றாலும் வீட்டு ஜெபம் என்றாலும், ஆள் வருகிறது என்றால் முதலில் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்வோம். என் வீட்டிலும் அதுதான் வழக்கம். ஊர் தெரியாத எவனோ சொல்லியிருந்தால் போகட்டும் என்று விடலாம். நான் இந்த மண்ணிலேயே பிறந்தவன்.

வியாழக்கிழமை தண்ணீரில் அடி தெரிந்தது. நாற்றமே இல்லை. முந்தின வாரம் பெய்த மழைதான் காரணம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். காற்றுக்குமிழி இல்லாமல் குப்பிகளை நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டியில் அடுக்கினேன். சீட்டில் அதிகாரியும் பங்க் மேலாளரும் நானும் கையெழுத்துப் போட்டோம். அவர்கள் ஜீப்பில் போய் ஏறினார்கள். அக்கா எனக்கு மட்டும் பாலில்லாத கட்டஞ்சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் கொண்டுவந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா தம்பி, கெணறு எப்படி இருக்கு? மோட்டார் வச்சு அடி காணும்வரை எறைச்சாச்சு. ரெண்டு பேரு எறங்கித் தேச்சாவ. சுண்ணாம்பும் அடிச்சோம்."

"அப்ப கெணத்துல இப்போ கெடக்க இந்த வெள்ளம்?"

"ஊத்து ஊறதுக்கு நாளாகும்லா. சார்மாரு வரும்போ வெறுங்கெணறக் காட்டினா நமக்குல்லா நாணக்கேடு? மேல்வீட்டு போர்ல இருந்து ஓஸ் போட்டு நெறச்சோம்."

ஆக, அவருடைய கிணறு என்று நான் எடுத்தது மேட்டில் இருக்கும் அடுத்த வீட்டின், எண்ணெய் எட்டாத ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். கிழங்கை அப்படியே வைத்துவிட்டு ஜீப்புக்கு ஓடினேன். மூச்சு வாங்க, நடந்ததைச் சொன்னேன். அதிகாரி கண்ணாடியைப் பாதி இறக்கினார்.

"கையெழுத்துப் போட்டாச்சு இல்லையா? அடுத்த சுற்றில் பார்க்கலாம்."

அடுத்த சுற்றுக்கு மூன்று மாதம் இருந்தது. மேலாளர் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். குறிப்புச் சீட்டின் அடியில் நடந்ததை எழுதிக்கொடுத்தேன். முடிவு வந்தபோது எண்கள் மட்டும் வந்தன, என் குறிப்பைக் காணோம். கோடு அக்கா வீட்டு மதிலுக்கு இந்தப்பக்கமே நின்றுவிட்டது; அவர் வீடு வெளியே. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்.

அந்த மூன்று மாதமும் அக்கா மேல்வீட்டிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார். மாமனாரின் துணியை அலசுவதற்கும் அந்தக் குடம்தான். வேலை விஷயமாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். பக்கத்து வீட்டு வாசலில் லாரி நின்று தண்ணீர் இறக்கும். அக்கா குடத்தோடு அதைக் கடந்து மேட்டில் ஏறுவார். என்னைப் பார்த்தால் ஒரு சொல் திட்ட மாட்டார். "சுகமா மக்கா?" என்பார். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டாவது சுற்றுக்கு முந்தின வாரம் மறுபடி போன் போட்டேன்.

"அக்கா, கெணத்தத் தொடப்பிடாது. ஒரு வாளிகூட எறைக்கப்பிடாது."

"அய்யோ, இந்த நாத்தத்தையா சார்மாருக்குக் காட்டணும்?"

"அதத்தான் காட்டணும்."

"வேற வழி ஒண்ணும் இல்லியா மக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அன்று மூடியை விலக்கியதும் எழுந்த வாடையில் அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மேலாளர் தள்ளிப் போய்ப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா கோவிலுக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தார். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தவர், அதிகாரியின் கைக்குட்டையைப் பார்த்ததும் ஓரடி முன்னால் வந்தார்.

"மன்னிக்கணும் சார். நாறுது. தம்பி எறைக்கப்பிடாதுன்னு சொல்லிச்சு, அதான்."

"பரவாயில்லம்மா" என்றார் அதிகாரி. பெரிய மனதோடு மன்னித்தும் விட்டார்!

என் காது கொதித்தது. அக்காவின் தொட்டியா ஓட்டையானது? குப்பியை இறுக மூடினேன். ஏதாவது பேசினால் இந்தச் சுற்றையும் நானே கெடுத்துவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சீட்டை மேலாளரிடம் நீட்டினேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

இந்தத் தடவை கோடு மதிலைத் தாண்டியது. லாரி இப்போது அக்கா வாசலிலும் நிற்கிறது, கிணற்றுக்குப் பக்கத்தில் எண்ணெயை உறிஞ்சும் பம்பு ஓடுகிறது. எல்லாம் சரிதான். ஆனால் அன்று அந்தக் கிணற்றடியில் நாங்கள் நான்கு பேர் நின்றோம். மன்னிப்புக் கேட்டது அக்கா ஒருத்தி மட்டும்தான். நான் இன்னும் கேட்கவில்லை.